ஒரு ஹாரன் ஆமாம், இரண்டு ஹாரன் இல்லை

காப்பர் ஃபோல்ட் தேசியப் பூங்கா, யூட்டா
ஏப்ரல் 16, 1989

அன்புள்ள அம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, உதடு மட்டும் வெடித்திருக்கிறது. இங்கே முதல் வாரத்தில் எல்லோருக்கும் வெடிக்கும். உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாயா, ஞாபகம் வந்தபோது போடுகிறாயா?

குளிர்காலம் முழுக்க சால்ட் லேக் நகரத்துக் கடையில் ஊரார் கால்களுக்குப் பனிச்சறுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டு அலுத்துப் போயிருந்தேன். பள்ளத்தாக்கின் முதல் வளைவில் அந்தச் சிவப்புப் பாறைச் சுவரைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். போன வருடத்து டிரெய்லர் வீடே மறுபடியும் கிடைத்தது. உள்ளே எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. வாடகை தராமலே காலி செய்துவிட்டுப் போயின.

இந்தக் கோடையிலும் பூங்கா ரேஞ்சர் உடுப்புதான்; இந்த வாரம் எனக்குப் பொய்க் கற்குவியல்களை உதைக்கும் வேலை. வெறும் பாறை மேல் பாதை ஏது? நாங்கள் அடுக்கி வைத்திருக்கும் சின்னக் கற்குவியல்கள்தான் வழி. வருகிறவர்கள் ஆசைக்கு ஆளுக்கொன்று கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நேற்று ஒன்றை உதைத்தபோது ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தாள்.

"என் புருஷன் கட்டுனது அது. எவ்ளோ அழகா இருக்கு, அதப் போயி ஒதைக்கிறியே!"

"அழகாத்தாங்க இருக்கு. ஆனா அத நம்பிப் போனா நேரா பாறை விளிம்புல கொண்டுபோய் விட்டுரும்."

"அவரு கட்டுன எதுதான் உருப்பட்டுச்சு?" என்று சொல்லி மிச்சத்தை அவளே உதைத்துவிட்டுப் போனாள்.

காற்றடித்தால் இங்கே டெலிபோன் செத்துவிடுகிறது. அதனால் கடிதம் போடு. பிஸ்கட்டுக்குக் காதில் புண் ஆறிவிட்டதா? பக்கத்துப் பண்ணை எல்டா எப்படி இருக்கிறாள்? கிணற்று மோட்டார் ஓடுகிறதா? மற்றவர்களையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
ரோண்டா

*

சுகர் பெஞ்ச், ஐடஹோ
மே 3, 1989

ஆசை மகள் ரோண்டாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாத்திரை போடுகிறேன், எப்போது என்று மட்டும் கேட்காதே. உதட்டுக்குத் தேன்மெழுகு தடவு. விதைப்பு பாதி முடிந்துவிட்டது. வீடெல்லாம் மண்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நாயை விசாரித்திருக்கிறாய், எல்டாவை விசாரித்திருக்கிறாய், கிணற்று மோட்டாரைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் "மற்றவர்கள்" என்று ஒரு சொல். இந்த வீட்டில் என்னையும் நாயையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். அவருக்குப் பெயர் உண்டு, டெல்மர் சோரன்சன். உனக்கு அப்பா முறை.

நீ அறுவடை நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி மூன்று வருடம் ஆகப்போகிறது. தனக்குப் பிறகு பண்ணை உனக்குத்தான் என்று உன்னைக் கேட்காமலே முடிவு செய்து வைத்திருந்தது அவர் தப்பு. சொல்லாமல் கிளம்பியது உன் தப்பு. "ஒரு கோடை தாங்கமாட்டா, திரும்பி வந்துருவா" என்று அன்றைக்குச் சொன்னார். அதன்பின் உன் பெயரை எடுக்கவில்லை. நீ போன் செய்தால் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விடுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி வேலை பார்க்கிறேன், அதுவும் சம்பளமில்லாமல்.

அவருடைய முதுகு வலியை நீ தனியாக விசாரித்திருந்ததாகச் சொன்னேன். மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலம் வண்டியிலிருந்து சாலை வரைபடத்தை எடுத்துவந்து மேசை மேல் விரித்தார். எந்தப் பக்கம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. யூட்டாவாகத்தான் இருக்கும். உன்னைப் பார்க்க வேண்டும் என்று தவிக்கிறார் மனுஷன்.

உன் நலத்தையே நினைக்கும்,
அம்மா

*

காப்பர் ஃபோல்ட்
மே 24, 1989

அம்மா,

நான் நலம், உதடும் நலம். நீ எழுதியதைப் படித்துத்தான் கொஞ்சம் தலை சுற்றுகிறது.

எந்த முதுகு வலி? நான் எங்கே விசாரித்தேன்? என் கடிதத்தை நீயே இன்னொரு தடவை எடுத்துப் பார்.

அப்பா வரைபடம் விரித்தாரா? பக்கத்து டவுன் போக்கடெல்லோவைத் தாண்டினாலே வெளிநாடு என்று நினைக்கிறவர் அவர். என் பட்டமளிப்புக்கு வந்தபோதும் பாதியில் எழுந்து மழை மேகம் பார்க்கப் போனவர். தவிக்கிறார் என்று நீ சொல்கிறாய், நம்பவும் ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. வந்தால் வரட்டும். தேசியப் பூங்கா, யார் வேண்டுமானாலும் வரலாம், நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும்.

இங்கே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. ஒருவர் வந்து கேட்டார், "இந்தப் பள்ளத்தாக்குல லிஃப்ட் எந்தப் பக்கம்மா?" இன்னொருவர் தன் கார் மேல் காக்கை உட்காருவதற்கு என்மேல் புகார் எழுதிவிட்டுப் போனார்.

உப்பைக் குறைத்துச் சாப்பிடு.

ரோண்டா

*

சுகர் பெஞ்ச்
ஜூன் 11, 1989

ரோண்டா கண்ணுக்கு,

இங்கே யாவரும் சுகம். பிஸ்கட் காதும் சுகம். உப்பைக் குறைத்தாயிற்று, ருசியும் குறைந்தாயிற்று.

"வந்தால் வரட்டும்" என்று நீ எழுதியிருந்ததை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் கண்ணாடி அன்று சரியாகத் தெரியவில்லை, ஒன்றிரண்டு வார்த்தை மாறியிருக்கலாம். கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார். "அவ்ளோ ஆசையா எழுதியிருக்காளா?" என்றார். பாசனக் குழாய்களை நகர்த்த ஆள் வந்துவிட்டான், அதனால் மேலே எழுத நேரமில்லை.

அம்மா

*

காப்பர் ஃபோல்ட்
ஜூலை 2, 1989

அம்மா,

எந்த வார்த்தை மாறியது?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கிறது. பாறை மேல் முட்டையை உடைத்து ஊற்றிப் பார்க்கிற ஆசாமிகளை விரட்டுவதே தினப்படி வேலையாகிவிட்டது.

அப்பா மெய்யாகவே வருகிறாரா? ஒரு மடிப்புக் கட்டில் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். டிரெய்லரை மூன்று முறை கழுவிவிட்டேன். அவர் இப்போதும் காப்பியில் பால் சேர்ப்பதில்லையா? நான் ஏன் இதையெல்லாம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு விஷயம். அவரிடம் சொல்லாதே. அக்டோபரிலிருந்து எனக்கு இங்கே நிரந்தர வேலை தருவதாகத் தலைமை ரேஞ்சர் சொல்லியிருக்கிறார். இனி குளிர்காலத்தில் பூட்ஸ் மாட்டிவிடப் போக வேண்டாம். எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் இன்னும் சரி என்று கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்டால் பண்ணைக்குத் திரும்பிப் போவது என்ற பேச்சே முடிந்துவிடும். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்றால் நான் என்ன சொல்வேன்? வண்டியிலிருந்து இறங்கியதும் "கெளம்பு" என்று அவர் சொல்கிற மாதிரியே கனவு வருகிறது. கனவில் நான் கிளம்பிவிடுகிறேன், அதுதான் பயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோண்டா

*

சுகர் பெஞ்ச்
ஜூலை 23, 1989

என் செல்ல மகளுக்கு,

நலம்தானே? இங்கே உருளைக்கிழங்குச் செடியெல்லாம் பூத்திருக்கிறது, வயல் பார்க்க வெள்ளையாக இருக்கிறது. வேலை விஷயம் என் வாயிலிருந்து வராது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பங்களும் உண்டு, உனக்குத் தெரியாது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசியில் கிழங்குச் செடியைக் காய விட்டதும் அறுவடை வரைக்கும் அவருக்குக் கை சும்மா இருக்கும். அப்போது கிளம்புகிறார். ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பது வேறு கதை. யூட்டாவில் பழைய கிழங்கு தோண்டும் இயந்திரம் ஒன்று விலைக்கு வருகிறதாம், அதைப் பார்க்கப் போகிறாராம், போகிற வழியில் உன்னையும் ஒரு நடை பார்ப்பாராம். எல்டா கேட்டாள், "ஏன் டெல்மர், பாலைவனத்துல எவன் உருளக்கெழங்கு தோண்டுறான்?" தொப்பியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

நான் வர முடியாது. மாவட்டக் கண்காட்சியில் பழப் பணியாரப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். வர முடிந்தாலும் வரமாட்டேன். ஒரு வண்டியில் நானும் இருந்தால் அவர் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று இருந்துவிடுவார்.

வெயிலில் தொப்பியில்லாமல் போகாதே.

அம்மா

*

(படம் போட்ட தபால் அட்டை)

யூட்டா, ஆகஸ்ட் 23

வெர்லா,

நலம். வண்டியும் நலம். நீ கட்டிக் கொடுத்த ரொட்டி முதல் நூறு மைலிலேயே தீர்ந்துவிட்டது. தோண்டும் இயந்திரம் எதுவும் கண்ணில் படவில்லை. இந்த மண்ணில் உருளைக்கிழங்கு வராது. கல் மட்டும் நன்றாக விளைந்திருக்கிறது. நாளை மதியம் அவளைப் பார்ப்பேன். நீல சட்டையைப் போடவா, கட்டம் போட்டதைப் போடவா என்று கேட்க நினைத்தேன். இந்த அட்டை வந்து சேர்வதற்குள் எதையாவது போட்டிருப்பேன்.

டெல்மர்

*

காப்பர் ஃபோல்ட்
ஆகஸ்ட் 29, 1989

அம்மா,

நான் நலம். அப்பாவும் நலம், இன்று காலையில்தான் கிளம்பினார். நீ நலமாக இருக்கிறாயா? இருக்க வேண்டும், உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் தூரத்து மேட்டில் மேகம் கறுத்தது. இங்கே ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் சேற்று வாசனை வந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு பூங்காச் சாலையின் குறுக்கே போகிற மணல் ஓடைக்கு ஓடினேன். நான் போய்ச் சேரவும் வெள்ளம் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. காப்பி நிறத் தண்ணீர், முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கரையிலும் வண்டிகள் நின்றுவிட்டன. இதெல்லாம் இங்கே பழக்கம்தான். மடிப்பு நாற்காலிகள் வெளியே வந்தன, ஐஸ் பெட்டிகள் திறந்தன, முன்பின் தெரியாதவர்கள் சாண்ட்விச் பங்கு போட ஆரம்பித்தார்கள். வெள்ளம் வடியும்வரை திருவிழாதான்.

எதிர்க்கரையில் ஒரு நீல பிக்அப் மட்டும் மெதுவாகத் தண்ணீருக்குள் மூக்கை விட்டது. நான் ஒலிபெருக்கியை எடுத்தேன்.

"அந்த நீல வண்டி! தண்ணில எறங்காதீங்க! பின்னால எடுங்க!"

வண்டி நின்றது. யோசித்தது. இன்னும் ஒரு முழம் முன்னால் வந்தது.

"ஐயா, உங்களத்தான்! முட்டி ஒசரத் தண்ணி போதும், வண்டிய முட்டைக்கோசு மாதிரி உருட்டிக்கிட்டுப் போயிரும்! பின்னால போங்க!"

கதவு திறந்தது. கட்டம் போட்ட சட்டை. வைக்கோல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

"அப்பா?" என்றேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க அப்பா, அப்பா, அப்பா என்று போய்க்கொண்டே இருந்தது.

அவர் என்னவோ கத்தினார். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கத்தில் விஸ்கான்ஸினிலிருந்து வந்த ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்து வறுவல் கொறித்துக்கொண்டிருந்தார். அவர்தான் யோசனை சொன்னார்: "ஹாரன் அடிக்கச் சொல்லும்மா. ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு."

சொன்னேன். அப்பா வண்டிக்குள் ஏறினார்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

ஒரு ஹாரன். இரண்டு கரையிலும் கைதட்டல்.

"முதுகு எப்படி?"

ஒன்று. கொஞ்சம் விட்டு, இரண்டு. "சுமார்ங்கறாரு" என்றார் விஸ்கான்ஸின்காரர்.

"என்னைப் பாக்கணும்னு நீங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

உடனே இரண்டு ஹாரன். யோசிக்கக்கூட இல்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான், அம்மா, உன் கண்ணாடி ஞாபகம் வந்தது.

"நான் உங்கள வரச்சொல்லிக் கெஞ்சுனேன்னு அம்மா சொன்னாங்களா?"

ஒரு ஹாரன். நீளமான ஹாரன். காக்கைக் கூட்டம் ஒன்று பயந்து பறந்தது.

"நான் அப்படி ஒண்ணும் எழுதலப்பா!"

கூட்டம் சிரித்தது. "உங்கம்மா பலே ஆளும்மா" என்றார் பெரியவர். "எனக்கு அந்தம்மாவ ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள் அவர் மனைவி. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் எதிரே வண்டி பின்னால் நகர ஆரம்பித்திருந்தது. யாரும் கூப்பிடாத வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். திரும்பிப் போகிறார். இப்போது போனால் இன்னும் மூன்று வருடம் ஆகும், இல்லை என்றைக்குமே இல்லை. பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

"அப்பா, போகாதீங்க! நான் கூப்பிடல. ஆனா நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு டிரெய்லர மூணு தடவ கழுவி வச்சிருக்கேன்!"

வண்டி நின்றது. அதற்குமேல் மறைத்து வைக்க எனக்குத் தெம்பில்லை. இத்தனை பேர் முன்னால் அப்படியே கொட்டிவிட்டேன்.

"எனக்கு இங்கயே நெரந்தர வேல குடுக்குறாங்கப்பா. நான் எடுத்துக்கப் போறேன். பண்ணைக்குத் திரும்ப வரமாட்டேன். எனக்கு இந்த எடம் அவ்வளவு புடிச்சிருக்கு. அது தெரிஞ்சும், தண்ணி வடியற வரைக்கும் இருப்பீங்களா?"

பெரியவர் வறுவல் பையைக்கூடக் கசக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள்கூட நீல வண்டியையே பார்த்தார்கள். தண்ணீர் மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஹாரன்.

எஞ்சினை அணைத்தார். பின்னாலிருந்து நம் பச்சை நாற்காலியை எடுத்துக் கரையில் போட்டார். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அந்தத் தைரியத்தில் இன்னொன்றையும் கேட்டுவிட்டேன்.

"ஏன்ப்பா மூணு வருஷமா எங்கூட ஒரு வார்த்தை பேசல?"

அவர் எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஹாரன் மேல் வைத்தார். அழுத்தவில்லை. வைத்தபடியே நின்றார். "அது ஆமா இல்லைன்னு சொல்ற கேள்வி இல்லையேம்மா" என்றார் விஸ்கான்ஸின்காரர், மெல்லிய குரலில்.

பொழுது சாய்ந்தபோது தண்ணீர் வடிந்தது. முதல் வண்டி அவருடையதுதான். இறங்கி வந்து என் ரேஞ்சர் தொப்பியை நேராக வைத்தார். "வெயிலுக்கு நல்லது" என்றார். அவ்வளவுதான். நான்கு நாள் இருந்தார். என்னோடு பாறை மேல் நடந்தார். பொய்க் கற்குவியல்களை உதைப்பதில் அவருக்கு வந்த ஆனந்தத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவேயில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது நீ சொல், அம்மா. என்ன செய்தாய்?

ரோண்டா

*

சுகர் பெஞ்ச்
செப்டம்பர் 7, 1989

அன்பு ரோண்டாவுக்கு,

நலம். கண்காட்சியில் ருபார்ப் தண்டுப் பணியாரத்துக்கு முதல் பரிசு கொடுத்தேன். எல்டா என்னோடு பேசுவதில்லை, அவளுடையது செர்ரி.

உன் அப்பா மூக்கு தோலுரிந்து வந்து சேர்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"தண்ணி."

"ரோண்டா?"

"தொப்பி போட்டிருந்தா."

இதற்குமேல் ஒரு சொல் பெயரவில்லை. ஆனால் மறுநாள் விதைக்கடையில் போய் நின்றுகொண்டு, தேசியப் பூங்காவில் தன் பெண் சொன்னால்தான் வண்டி நகரும், தன் வண்டியையே திருப்பி அனுப்பப் பார்த்தாள் என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறார். கடைக்காரர் மனைவி எனக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் அவர் தவிக்கிறார் என்று சொன்னேன். அவரிடம் நீ தவிக்கிறாய் என்று சொன்னேன். இரண்டில் எது பொய் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். மூன்று வருடம் இரண்டு பேர் மௌனத்தையும் நான் ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ரோண்டா. எனக்கு அது ஜீரணமாகவில்லை.

புது வேலைக்கு என் முத்தம். கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், கை நீளத்தை அளந்து எழுது.

அம்மா

*

சுகர் பெஞ்ச்
அக்டோபர் 19, 1989

ரோண்டாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ நலமா? இதற்கு மேல் ஒரு கடிதம் எப்படிப் போக வேண்டும் என்று உன் அம்மாவைக் கேட்கப் பிடிக்கவில்லை, அதனால் தோன்றியபடி எழுதுகிறேன்.

அறுவடை முடிந்தது. கிழங்கு சுமார்தான், பனி முந்திக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுவடை லீவில் வந்து வேலை பார்த்தார்கள். வேலையைவிடக் கிழங்கு எறிந்து விளையாடியது அதிகம்.

தெற்கு நிலத்தை எல்டாவின் மருமகனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். உனக்கென்று வைத்திருந்தது. அவன் நன்றாகச் செய்வான். இனி அதை நினைத்து நீ சங்கடப்பட வேண்டாம்.

ஓடைக் கரையில் நீ கேட்டதற்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்தேன். கிழங்கு தோண்டும்போதும் யோசித்தேன். பதில் இதுதான். போனை எடுத்தால் எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், எப்போது வருகிறாய் என்று. கேட்டால் நீ வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாய். நீ சொல்லாத வரைக்கும் வருவாய் என்று வைத்துக்கொண்டு இருக்கலாம். அதனால்தான் போனை உன் அம்மா கையில் கொடுத்தேன். கோபம் ஒரு மாதம் இருந்தது. மிச்சமெல்லாம் பயம்.

இப்போது நீ சொல்லிவிட்டாய், அதுவும் ஒலிபெருக்கி வைத்து, யார் யாரோ சாண்ட்விச் தின்றுகொண்டு பார்க்க. நான் செத்துப்போகவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால், போன் செய். அங்கே காற்றடித்தால் அடுத்த ஞாயிறு செய். உன்னிடம் கேட்க எனக்கு வேறு சில கேள்விகளும் இருக்கின்றன. தண்ணீரே இல்லாத இடத்தில் அந்த மரங்கள் எப்படி நிற்கின்றன என்பது ஒன்று.

அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் எத்தனை தடவை மணி அடித்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

அம்மா